ஸ்டிக்கர் ஒட்டாத ஹெல்மெட்

1. கோபுரத்தில் முதல் நாள்

திண்டுக்கல்லில் பல வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். ஆக்லாந்துக்கு வந்த பிறகு, பள்ளிக்கூட ஆட்டங்களையும் கிளப் ஆட்டங்களையும் படம் பிடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் "ஃபுட்பால் கிளப்புக்குப் போ" என்றார்கள். உதைபந்து என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் சட்டைக்குள் அட்டை திணித்த தோள்களும் கம்பி வைத்த ஹெல்மெட்டுமாக ஆளுக்கு ஆள் நிற்கிறார்கள். அமெரிக்க ஃபுட்பால். இங்கே அதை கிரிடயர்ன் என்பார்கள். ரக்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஊரில் இந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்து ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வாரமெல்லாம் எங்காவது உழைத்துவிட்டு சனிக்கிழமை வந்து மோதிக்கொள்வார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் இரும்புக் குழாய்களால் கட்டிய ஒரு சாரம். அதன் உச்சியில் நானும் ட்ரைபாடும். மழை குறுக்கே அடித்தது. கீழே இருந்து தலைமைக் கோச் கிரெய்க் கையைக் குவித்துக் கத்தினார். அவர் பேசியது இங்கிலீஷ். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "செல், பந்தை மட்டும் விட்றாதே. பந்து எங்கயோ அங்க நீ."

செல்வம் என்ற பெயரை முதல் நாளே பாதியாக்கிவிட்டார். கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பந்தின் பின்னாலேயே கேமராவை இழுத்தேன். கைவிரல் விறைத்துப் போனது. "இந்த ஊர்ல வானத்துக்கு எவன்டா ஓட்டை போட்டது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, சாரத்தின் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணை, நீங்க தமிழோ?"

குனிந்து பார்த்தேன். நெடுநெடுவென்று, அகலமாக, கதவுக்குக் கை கால் முளைத்தது போல ஒருவன். பெயர் நிமலன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு அகதியாக இங்கே வந்தவன். த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு கடைத்தொகுதியின் பின்புறம் லாரியிலிருந்து சரக்கு இறக்கும் வேலை. அவன் பக்கத்தில் ஒல்லியாக, துள்ளிக்கொண்டே இன்னொருவன். டோங்கா தீவுக்காரன், சியோனே. பிளாட் புஷ்ஷில் கட்டுகிற புது வீடுகளுக்கெல்லாம் சாரம் கட்டுவது அவன் தொழில். நான் நின்றுகொண்டிருந்த சாரமும் அவன் கட்டியதுதான்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை, இது விழாது. இவன் கட்டினது" என்றான் நிமலன்.

சியோனே குழாயைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். அந்த ஊரில் என்னிடம் தானாக வந்து பேசிய முதல் இரண்டு பேர் இவர்கள்தான்.

2. ஒருவன் சுற்றுவான், ஒருவன் தள்ளுவான்

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் அவன் நின்று யோசிக்கிற இடத்துக்கு பாக்கெட் என்று பெயர். சுவரின் இரண்டு முனையிலும் எதிரணி ஆள் ஒருவன் குனிந்து காத்திருப்பான். அவன்தான் எட்ஜ். சுவரைச் சுற்றியோ இடித்தோ உள்ளே போய் எறிகிறவனைப் பிடிப்பது அவன் வேலை. பந்து கையை விட்டுப் போகும் முன்பே ஆளைத் தரையில் சாய்த்துவிட்டால் அது சாக். ஸ்கோர் போர்டில் அதற்கு எண் ஏறாது. ஆனால் எதிரணியின் முகம் தொங்கிப்போகும்.

சியோனே ஒரு முனை. நிமலன் மறுமுனை.

சியோனே வேகம். சுவரில் கை படாமல் வெளியால் வளைந்து போய்விடுவான். அவனைத் தடுக்க நிற்கும் தடியன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் முதுகுப் பக்கம் இருப்பான். நிமலனுக்கு அந்த வேகம் கிடையாது. அவன் எதிரே நிற்பவனின் நெஞ்சில் கையை வைத்து, சரக்கு வண்டியைத் தள்ளுவது போல, பின்னாலேயே நடத்திக்கொண்டு போவான். பாக்கெட் ஒரு பக்கம் இடிந்து உள்வாங்கும்.

இதில் விஷயம் என்னவென்றால், சியோனே சுற்றி வருவதைக் குவார்ட்டர்பேக் பார்த்துவிடுவான். உடனே ஒரு எட்டு முன்னே வைப்பான், இல்லை மறுபக்கம் ஓடுவான். சியோனே வந்த வேகத்தில் அவனைத் தாண்டிப் போய்விடுவான். வேகக்காரனுக்கு எப்போதும் உள்ள கஷ்டம் இது. ஆனால் மறுபக்கம் நிமலன் இருக்கிறான். முன்னே வைக்க வேண்டிய இடத்தில் நிமலன் தள்ளிக்கொண்டு வந்த தடியனின் முதுகு இருக்கிறது. ஓட வேண்டிய வழியில் நிமலனின் ஒரு கை நீண்டு கிடக்கிறது. எறிகிறவன் ஒரு நொடி திகைத்து நிற்பான். அதற்குள் சியோனே திரும்பி வந்து பிடித்துவிடுவான்.

இதே கதைதான் ஆட்டம் பூராவும். நிமலனைச் சமாளிக்க எதிரணி இரண்டு பேரை நிறுத்த வேண்டியிருந்தது. அதனால் சியோனேவுக்கு எப்போதும் ஒரே ஆள்தான் எதிரே. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டக்காரர்கள் நிமலன் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பின்னால் நிற்கிற எங்கள் ஆட்களுக்கு ஓடிக் களைக்கிற வேலை மிச்சம். ஒரு அணியின் தற்காப்பு முழுவதையும் இரண்டு முனையில் நிற்கும் இரண்டு பேர் தாங்கினார்கள்.

இதை நான் உடனே கண்டுபிடித்துவிடவில்லை. பந்தின் பின்னால் ஓடுகிற கேமராவில் இது தெரியாது. ஒரு நாள் நிமலன் சாரத்தடியில் வந்து நின்றான்.

"அண்ணை, இன்னொரு கேமரா இருந்தா கொஞ்சம் தள்ளி வச்சு எடுப்பீங்களோ? ரெண்டு கரையும் தெரியவேணும். நானும் இவனும் எங்க பிழை விடுறம் எண்டு பாக்கலாம்."

திண்டுக்கல்லிலிருந்து கொண்டு வந்த பழைய கேமரா என்னிடம் சும்மா கிடந்தது. அதை அசையாமல் வைடாக வைத்தேன். அன்றிலிருந்து இரண்டு படம் எடுத்தேன். பந்துப் படம் கோச்சுக்கு. இரண்டு ஓரமும் தெரிகிற கரைப் படம் இவர்களுக்கு. பயிற்சி முடிந்ததும் சான்ட்ரிங்ஹாமில் ஒரு இட்லிக் கடையில் உட்கார்ந்து என் லேப்டாப்பில் அதைப் பார்ப்பார்கள். சியோனே சாம்பாரை கப்போடு குடிப்பான்.

அங்கேதான் அவன் மூன்று தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டான். இரண்டு முனைக்கும் நடுவில் நல்ல தூரம். இங்கிலீஷில் கத்தினால் எதிரணிக்கும் விளங்கிவிடும். அதனால் நிமலன் தன் பாஷையில் சொல்லிக் கொடுத்தான். சுற்றிப் போவதென்றால் "வெளியால." குறுக்கே பாய்வதென்றால் "உள்ளுக்கை." எறிகிறவன் இன்னும் நகரவில்லை, நான் தள்ளிக்கொண்டு வரும்வரை நில் என்றால் "பொறு."

நிமலனிடமிருந்து அடிக்கடி வருவது அந்த மூன்றாவது சொல்தான். "பொறு, பொறு" என்று அவன் குரல் மைதானம் தாண்டிக் கேட்கும். சியோனே ஒரு மூச்சு பிடித்து நிற்பான். பிறகு பாய்வான். எதிரணிக்காரர்கள் இது ஏதோ டோங்கா பாஷை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

3. ஸ்டிக்கர்

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவில் அப்படித்தான் என்று கிரெய்க் கொண்டுவந்தது. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்து, போன ஆட்டத்தின் சாக் எல்லாவற்றையும் நான் வெட்டிக் கொடுத்த படத்தில் போட்டுக் காட்டுவார். பிடித்தவன் எழுந்து முன்னால் வர வேண்டும். அவன் ஹெல்மெட்டில் எலும்புப் படம் போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார். எல்லாரும் மேஜையைத் தட்டுவார்கள்.

சியோனேவின் ஹெல்மெட்டில் ஒட்ட இடமில்லாமல் போனது. நிமலனுடையது கடையில் வாங்கி வந்தது போலப் பளபளவென்று இருந்தது.

கல்யாணத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவார். மற்ற முடிச்சுகளைப் பின்னால் நின்று போடுவது நாத்தனார். ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், மாப்பிள்ளை முகம்தான் இருக்கும். நாத்தனாரின் இரண்டு விரல் ஓரத்தில் தெரிந்தால் அது அதிர்ஷ்டம். நானே அப்படி எத்தனையோ ஆல்பம் போட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை எதிரணிக்காரன் ஒருவன் நிமலனின் ஹெல்மெட்டைப் பார்த்து, "புதுசா சேர்ந்தியா?" என்று கேட்டான். நிமலன் போய்த் தன் முனையில் குனிந்து நின்றான். ஆட்டம் முடிந்து என் கேமராப் பெட்டியைத் தூக்க உதவி செய்தபோதுதான் பேசினான்.

"எனக்கு ஸ்டிக்கர் ஒண்டும் தேவையில்லை அண்ணை."

"தெரியும்ப்பா."

"போன கிழமை அம்மா வந்து பாத்தவ. முழுக்கப் பாத்துப்போட்டு, 'எல்லாரும் ஓடித் திரியிறாங்கள், உன்னை மட்டும் ஏன் சும்மா நிப்பாட்டி வச்சிருக்கினம்?' எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

"அம்மாவ ஒரு நாள் கடைக்குக் கூட்டிட்டு வா, என் படத்தைக் காட்டுறேன்" என்றேன். கூட்டி வருவதாகச் சொன்னான். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

4. இரண்டு சியோனே

அடுத்த சீசனில் ஜோர்டன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். ஏழு பேர் ஆடுகிற வேக ரக்பி ஆடியவன். கெட்டவன் இல்லை, வெள்ளந்தி. சியோனே அளவுக்கே ஓடுவான். முதல் பயிற்சியிலேயே கிரெய்க்கின் கண் விரிந்துவிட்டது.

அதே சமயத்தில் சியோனேவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு அழைப்பு வரும்போல இருந்தது. அங்கே ஒரு பெரிய கிளப். சேர்த்துக்கொண்டால் அவர்களே பயிற்சிக் கூடத்தில் வேலையும் போட்டுக் கொடுப்பார்கள், குடும்பத்தோடு வந்து இருக்கலாம். அப்போதுதான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மழையில் குழாயைத் தோளில் வைத்து மேலே ஏறுகிற வாழ்க்கையை விட்டு இறங்க அவனுக்கு அது ஒன்றுதான் வழி. அந்தக் கிளப்பின் ஆள் அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்க நேரில் வருவதாக இருந்தது.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கிரெய்க் சொன்னார்: "யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் ஒரு சியோனே இருக்கிறப்பவே இந்தப் போடு போடுறோம். ரெண்டு பக்கமும் சியோனே இருந்தா? இந்த ஆட்டத்துல ஜோர்டன் இறங்கறான். நிம், நீ கொஞ்சம் ஓய்வெடு."

நிமலன் தலையை ஆட்டினான். சியோனே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் நான் கிரெய்க்கைத் தனியாகப் பிடித்தேன். லேப்டாப்பைத் திறந்து கரைப் படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு சாக்கையும் நிறுத்தி, "இங்க பாருங்க, இவன் வழிய மறிக்கிறான். அதனாலதான் அவன் பிடிக்கிறான்" என்று என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். பொறுமையாகத்தான் பார்த்தார். அதை மறைக்கக் கூடாது.

"நல்ல பையன்தான் செல். ஆனா அவன் பிடிக்கலையே" என்றார்.

"அவன் இல்லாட்டா இவனும் பிடிக்க முடியாது."

"வேகத்தை எவனாலயும் மறிக்க முடியாது. நீ கேமராவைப் பாரு. டீமை நான் பாத்துக்கறேன்."

தோளில் தட்டிவிட்டுப் போனார். அவரும் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர், வருடக்கணக்காக அந்தக் கிளப்புக்கு நாயாய் உழைத்தவர். ஆனாலும் அன்று அவர் முதுகைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நிமலனும் சியோனேவும் நின்றிருந்தார்கள். எப்போதும் நிமலனின் காரில்தான் இருவரும் போவார்கள். அன்றும் போனார்கள். உள்ளே இரண்டு பேரும் பேசியதாகத் தெரியவில்லை.

5. அரையிறுதி

காலையிலிருந்தே தூறல். மைதானத்தின் நடுப்பகுதி சேறாகிவிட்டது. ஆஸ்திரேலியாக்காரர் குடையோடு கோட்டுக்குப் பின்னால் நின்றார். நான் கேமராவை சாரத்தில் ஏற்றினேன். நிமலன் உடை மாட்டி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் நின்றான்.

முதல் பந்துக்கு சியோனே ஒரு பக்கம், ஜோர்டன் மறுபக்கம் வளைந்து பறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. குவார்ட்டர்பேக் ஒரு எட்டு முன்னே வைத்தான். இரண்டு பேரும் அவனைத் தாண்டிப் போய் அவனுக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் கல்யாண மண்டபத்து வாசல் போல வழி திறந்து கிடந்தது. அவன் அதன் வழியே நிதானமாக ஓடிப் போனான்.

இதே மாதிரி திரும்பத் திரும்ப நடந்தது. எதிரணிக் கோச் கெட்டிக்காரர். ஜோர்டனுக்கு ஒரு தடியன் போதும், கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டால் தானாகவே ஓடிப் போய்விடுகிறான் என்று பார்த்துக்கொண்டார். இதுவரை நிமலனுக்காக ஒதுக்கி வைத்த அந்த இரண்டாவது ஆள் இப்போது சும்மா இருந்தான். அவனை சியோனே பக்கம் அனுப்பினார். சியோனேவுக்கு அந்தக் கிளப்பில் முதல் முறையாக எதிரே இரண்டு பேர்.

ஒருவன் நெஞ்சைப் பிடிப்பான். அடுத்தவன் விலாவில் இடிப்பான். சியோனே எழுவான், குனிவான், மறுபடி போவான். குடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். என் ஹெட்ஃபோனில் கேமரா மைக் வழியாக அவன் குரல் கேட்டது.

"பொறு! ஜோர்டன், பொறு!"

பதற்றத்தில் தமிழில் கத்துகிறான். ஜோர்டனுக்கு என்ன தெரியும்? அவன் பாட்டுக்கு ஓடினான். சியோனே மறுபடி கத்தினான். "உள்ளுக்கை! உள்ளுக்கை!" அந்த மைதானத்தில் அது புரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் சாரத்தின் மேல் கேமராவோடு. இன்னொருவன் கோட்டுக்கு வெளியே.

நிமலன் கோட்டின் நுனி வரை வந்துவிட்டான். "பொறடா சியோனே! நீ பொறு! நில்லு!" என்று கத்தினான். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கிரெய்க் அவன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அடுத்த பந்துக்கு குவார்ட்டர்பேக் மறுபடி நடுவில் புகுந்தான். சியோனே சுற்றிப் போன பாதியிலேயே அதைக் கண்டு, ஓட்டத்தை நிறுத்தி உள்ளே திரும்பினான். எதிரே இருந்தவன் அவன் நெஞ்சை விடவில்லை. கால் சேற்றில் புதைந்திருந்தது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அந்த நேரத்தில் இரண்டாவது ஆள் வழுக்கி அவன் முழங்கால் மேல் விழுந்தான். யார் மேலும் குற்றமில்லை. ரெஃப்ரீ விசில் ஊதும் முன்பே சியோனேவின் சத்தம் என் ஹெட்ஃபோனில் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் நிமலன். ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினான். சேற்றில் மண்டியிட்டு அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். இரண்டு கேமராவும் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்த எனக்குத் தோன்றவில்லை, கையும் வரவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். குடைக்காரர் கிரெய்க்கிடம் வந்து, "ரொம்ப வருத்தமா இருக்கு" என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டு விமானத்துக்குப் போய்விட்டார்.

6. மாங்கரேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

முழங்காலில் அறுவை செய்தார்கள். ஒரு முறை போதவில்லை. நடக்கலாம், ஆனால் ஏறி இறங்கும் தொழில் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டமும் போனது, ஆஸ்திரேலியாவும் போனது, கையில் இருந்த சாரத் தொழிலும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமலன் என்னையும் கூட்டிக்கொண்டு மாங்கரேயில் இருக்கும் சியோனே வீட்டுக்குப் போனான். அவன் மனைவி கதவைத் திறந்தாள். சிரிக்க முயற்சி செய்தாள். சியோனே சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். குழந்தை தரையில் தவழ்ந்தது. அதைக் குனிந்து தூக்க அவனால் முடியவில்லை. நிமலன் தூக்கி அவன் மடியில் வைத்தான்.

டீ ஆறிப்போனது.

பிறகு சியோனே தன் ஹெல்மெட்டை எடுத்து வரச் சொன்னான். மனைவி கொண்டுவந்தாள். அதில் ஒட்டியிருந்த ஒரு எலும்பு ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினான்.

"கோச் அன்னைக்குச் சொன்னப்ப நான் வாயே திறக்கல" என்றான். "ரெண்டு பக்கமும் வேகம் இருந்தா எனக்கு இன்னும் நாலு கிடைக்கும்னு நினைச்சேன். நீ போனா போயிட்டுப் போன்னு நினைச்சேன், நிம்."

நிமலன் குழந்தையின் கால் விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சொன்னான். "தெரியும்."

"தெரியுமா?"

"காருக்குள்ள நீ ஒண்டும் கதைக்கேல்லை. அப்பவே தெரியும்." இதை அவன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான். பிறகு சியோனேவுக்கு இங்கிலீஷில் சொன்னான்.

சியோனே அழுதான். அவ்வளவு வேகமான ஒரு ஆள் அப்படிக் குறுகி உட்கார்ந்து அழுவதைப் பார்க்க முடியவில்லை. அழுதுகொண்டே ஸ்டிக்கரை உரித்தான். "இது உன்னோடது. இதுவும் உன்னோடது." வெயிலிலும் மழையிலும் காய்ந்து போன ஸ்டிக்கர். பாதி கிழிந்து ஹெல்மெட்டிலேயே தங்கியது. கையில் வந்த பாதியை நிமலனின் புறங்கையில் ஒட்டப் பார்த்தான். பசை செத்துப் போயிருந்தது. அது நிற்காமல் குழந்தையின் மடியில் விழுந்தது. குழந்தை அதை எடுத்து வாயில் வைக்கப் போனது.

"விடடா" என்றான் நிமலன் சியோனேவிடம். குழந்தையின் கையிலிருந்து அதை மெல்ல வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அழவில்லை. அம்மாவுக்கு வாங்க வேண்டிய மளிகைச் சாமான்களைப் பற்றி மட்டும் பேசினான்.

7. தனி முனை

கிரெய்க் நிமலனின் வீட்டுக்கே போய் அவனைத் திரும்ப அழைத்தார். மன்னிப்புக் கேட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த சீசனில் நிமலன் வந்தான். தள்ளினான், மறித்தான், கையை நீட்டி நின்றான். குவார்ட்டர்பேக் திகைத்து நின்றான். ஆனால் நிற்பவனைப் பிடிக்க மறுபக்கத்திலிருந்து யாரும் வந்து சேரவில்லை. ஜோர்டன் அதற்குள் ரக்பிக்கே போய்விட்டான். வந்தவர்களுக்குப் பொறுக்கத் தெரியவில்லை. "பொறு" என்று கத்துவதை நிமலனும் நிறுத்திவிட்டான். பாதி சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹெல்மெட்டைக் கழுவித் துடைத்து கிளப் அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

வேகக்காரன் மட்டும் இருந்தால் ஓடிக்கொண்டே இருப்பான். தள்ளுகிறவன் மட்டும் இருந்தால் தள்ளிக்கொண்டே இருப்பான். இரண்டு வேகக்காரனும் ஒரு ஜோடி இல்லை, இரண்டு தள்ளுகிறவனும் ஒரு ஜோடி இல்லை. இதை கிரெய்க் இப்போது புது ஆட்களுக்கு என்னை விட நன்றாகச் சொல்கிறார். அதற்காக என்னிடம் ஒரு பாடப் படம் கேட்டார். பழைய கரைப் படங்களிலிருந்து சியோனேவும் நிமலனும் சேர்ந்து ஆடியதை எடுத்துக் கோத்துக் கொடுத்தேன். திரையில் அதைப் போட்டபோது ஒருவன், "அந்தப் பெரிய ஆள் என்ன கத்துறார்?" என்று கேட்டான். கிரெய்க்குக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பொறுன்னா, அவசரப்படாதே, நான் வந்துட்டிருக்கேன்னு அர்த்தம்" என்றேன். அகராதியில் அவ்வளவு நீளமாக இருக்காது. ஆனால் அதுதான் அர்த்தம்.

இப்போது பயிற்சியில் பையன்கள் அந்தச் சொல்லையே கத்துகிறார்கள். உச்சரிப்பு கொலை. யாருடைய சொல் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை ஸ்டிக்கரை கிரெய்க் இப்போது ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கிறார். பிடித்தவனுக்கு ஒன்று, வழியை அடைத்தவனுக்கு ஒன்று. நல்ல ஏற்பாடுதான். அந்த இரண்டு பேருக்குத்தான் அது பிரயோஜனம் இல்லாமல் போனது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். பந்தைத் துரத்து என்று முதலாளி சொல்வார், துரத்துங்கள், அதுதான் சம்பளம். ஆனால் இன்னொரு கேமராவைத் தள்ளி வையுங்கள். பந்து இல்லாத பக்கத்தில்தான் பாதி ஆட்டம் நடக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மழை. வேறு யாரோ கட்டிய சாரத்தில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கரைப் படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். வேலிக்கு வெளியே, படத்தின் மூலையில், நிமலனின் கார் நிற்கிறது. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஆடுகிறது. உள்ளே முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவன் அகலம். ஒருவன் ஒல்லி. மைதானத்தில் ஒரு பையன் "போரூ, போரூ" என்று கத்துகிறான். கொஞ்சம் தாமதமாகத்தான் கத்துகிறான், வேகக்காரன் ஏற்கெனவே தாண்டிப் போய்விட்டான். அப்போது காருக்குள் அந்த இரண்டு பேரின் கையும் ஒரே நேரத்தில் முன்னால் நீண்டு, கண்ணாடிக்கு அருகில் நிற்கின்றன. நில் என்று யாரையோ தடுப்பது போல.

பிறகு கைகள் இறங்குகின்றன. இடைவேளைக்கு முன்பே கார் கிளம்பிப் போய்விடுகிறது.

இப்போதெல்லாம் கோச்சுக்குக் கரைப் படமும் போகிறது, அனுப்பும்போது வழக்கமாக ஓரங்களை வெட்டித்தான் அனுப்புவேன். அந்தப் படத்தை மட்டும் ஓரம் வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.